வீட்டுக்கு ரவுட்டர் வாங்குமுன்



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. தோட்டப்புறங்களில் பல வீடுகளில் அப்பாவின் ஒரே கைப்பேசியைப் பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்துப் படித்தார்கள். அதன் பிறகு தண்ணீர், மின்சாரம்போல இணையமும் குடும்பத்துக்குத் தேவையான ஒன்றாகிவிட்டது. பிள்ளைகளின் பாடம், வேலைக்கு மனு, அரசாங்க உதவிக்குப் பதிவு எல்லாம் இன்று அதன் வழியாகவே நடைபெறுகின்றன.

இந்த இணையத்தை வீட்டுக்குள் கம்பியில்லாமல் பரப்பித் தரும் கருவிதான் ரவுட்டர். நம்மவர்கள் இதை வைஃபை பெட்டி என்றும், மோடம் என்றும் சொல்வதுண்டு. இணையம் மெதுவாக வந்தால், "பெட்டி பழசாகிவிட்டது; புதிது வாங்கினால் சரியாகும்" என்று கடைக்குப் புறப்பட்டுவிடுகிறோம். நல்ல ரவுட்டர் ஒன்றின் விலை பல நாள் கூலி. வெயிலிலும் மழையிலும் பால் மரத்தடியிலும் செம்பனைக் காட்டிலும் உழைத்துச் சேர்த்த வெள்ளி அது. ஆகவே, வாங்குமுன் சற்றுச் சிந்திப்போம்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ரவுட்டர் வெறும் அகப்பை. வெளியிலிருந்து வரும் இணையத்தை அது பகிர்ந்து கொடுக்குமே தவிர, தானாக எதையும் உண்டாக்காது. வாசல்வரை வருவதே குறைவாக இருந்தால், ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய ரவுட்டரும் அந்தக் குறைவைத்தான் பகிர்ந்து தரும்.

அப்படியானால் குறை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கைப்பேசியில் வேகம் அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியின் சொந்த டேட்டாவை அடைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் அளக்க வேண்டும். முதலில் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று அளவுங்கள். பிறகு அடுக்களையிலும் படுக்கையறையிலும் அளவுங்கள். பகலில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை எனச் செய்து, தாளில் குறித்து வையுங்கள்.

பக்கத்தில் நின்றாலே வேகம் குறைவு என்றால், குறை பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பில்தான். நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். குறித்து வைத்த தாள் அப்போது உதவும். சிம் அட்டை பயன்படுத்துவோர், அந்த மாதத்துக்குரிய டேட்டா அளவு தீர்ந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். அளவு தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்துவிடும் திட்டங்கள் பல உண்டு. பக்கத்தில் நல்ல வேகம், பின்னறையில் மட்டும் குறைவு என்றால், ரவுட்டரையோ அது இருக்கும் இடத்தையோ மாற்றினால் பயன் கிடைக்கும்.

எவ்வளவு வேகம் இருந்தால் போதும்? யூடியூப்பில் ஒரு பாடத்தைத் தெளிவாகப் பார்க்க விநாடிக்கு 2.5 மெகாபிட் போதுமானது. மிகத் தெளிவாகப் பார்க்க 5 மெகாபிட் வேண்டும். மூன்று பேர் ஒரே நேரத்தில் பார்த்தாலும் 15 மெகாபிட்தான். பெட்டியின் மேல் 1200, 3000 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அவை கூட்டுத் தொகைகள். ஏசி 1200 என்றால், ஓர் அலைவரிசையில் 300, மற்றோர் அலைவரிசையில் 867 என இரண்டையும் கூட்டி முழுமையாக்கிச் சொன்ன கணக்கு. அதுவும் ஏட்டுக் கணக்கே. வீட்டில் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு.

அந்த இரண்டு அலைவரிசைகளைப் பற்றியும் தெரிந்துகொள்வோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டித் தூரம் போகும்; வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம். ஆனால் சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும். நம்முடைய வரிசை வீடுகளில் ஒரு சுவருக்கு அப்பால் அண்டை வீடு. இரு பக்கத்து ரவுட்டர்களும் 2.4இல் பேசும்போது, சந்தை இரைச்சலில் பேசுவதுபோல ஒன்றுக்கொன்று இடையூறு உண்டாகிறது. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், அண்டை வீட்டார் பயன்படுத்தாத தடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளையே இதைச் செய்துவிடும். ஆகவே, இரண்டு அலைவரிசைகளும் உள்ள ரவுட்டரையே வாங்குங்கள்.

இடத்தை மாற்றுவதற்குச் செலவே இல்லை. பலகைச் சுவர் அலைக்குப் பெரிய தடையன்று. செங்கல் சுவர் ஓரளவு தடுக்கும். துத்தநாகத் தகடோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். ரவுட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் இரும்பு அலமாரிக்குள்ளும் மீன் தொட்டி ஓரத்திலும் ஒளித்து வைக்காமல், வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், காற்றோட்டமாக வைத்துப் பாருங்கள். அந்த மாற்றமே போதுமானதாக இருந்தால், அந்தப் பணம் மிச்சம்.

இத்தனைக்குப் பிறகும் புதிய ரவுட்டர் வேண்டும் என்றால், எந்த வகை என்பதை முடிவு செய்ய வேண்டும். வீட்டுக்குக் கண்ணாடி இழைக் கம்பி வந்திருந்தால், அதன் முனையிலுள்ள சிறு பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, ரவுட்டரை மட்டும் மாற்றலாம். முதலில் நிறுவனத்தைக் கேளுங்கள். ஒப்பந்தத்தின்கீழ் அவர்களே மாற்றித் தரக்கூடும். வெளியில் வாங்கினால், "என் இணைப்புக்கு இது பொருந்துமா?" என்று நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உதாரணமாக, யூனிஃபை இணைப்பின் இணையத்துக்கு விலான் 500 என்ற அமைப்பு ரவுட்டரில் இருக்க வேண்டும்.

கம்பி எட்டாத தோட்டங்களுக்குச் சிம் அட்டை போடும் ரவுட்டரே வழி. சாதாரண ரவுட்டரில் சிம் போட இடம் இராது, வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு முடிவோடு மூடப்பட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 3ஜி பெட்டியை வாங்கினால் பணம் வீண். குறைந்தது 4ஜி வேண்டும். எந்த நிறுவனத்தின் அலை உங்கள் வீட்டில் நன்றாகக் கிடைக்கிறது என்பதை, அண்டை அயலாரின் கைப்பேசிகளைக் கொண்டு முதலில் சோதித்துப் பாருங்கள். அலை வலுவற்ற இடமாக இருந்தால், வெளியே ஏரியல் பொருத்தத் துளை உள்ள ரவுட்டர் நல்லது. இந்த வகை ரவுட்டரைக் கோபுரம் இருக்கும் திசையிலுள்ள சன்னல் ஓரத்தில் வைக்க வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில. வைஃபை 5, 6, 7 என்பவை தலைமுறைகள். ஒரே நேரத்தில் பல கைப்பேசிகள் இயங்கும் வீட்டுக்கு வைஃபை 6 ஏற்றது. 2024ஆம் ஆண்டு முதல் சான்றளிக்கப்பட்டு வரும் வைஃபை 7க்கு, அதற்கேற்ற கைப்பேசி இல்லாமல் கூடுதல் விலை கொடுப்பது வீண். பின்புறத் துளைகளின் வேகத்தையும் கேளுங்கள். அது 100 மெகாபிட் என்றால், 300 மெகாபிட் திட்டத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டினாலும் 100தான் உள்ளே வரும். சிலந்திக் கால்களைப்போல எட்டுக் கொம்புகள் இருப்பதாலேயே அலை தூரம் போகும் என்று எண்ணாதீர்கள். அலையின் வலுவுக்குச் சட்ட வரம்பு உண்டு. தவிர, உங்கள் சின்னக் கைப்பேசியும் அத்தனை தூரத்திலிருந்து பதில் அனுப்பியாக வேண்டும் அல்லவா? எம்.சி.எம்.சி. முத்திரையும் உத்தரவாத அட்டையும் இல்லாத பொருளை வாங்காதீர்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும், பெட்டியோடு வந்த கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ 2 அல்லது 3ஐத் தேர்ந்தெடுங்கள். இடி மின்னல் வேளையில் மின்செருகியைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மின்கம்பி வழியாக வரும் மின்னல் ரவுட்டரைக் கருக்கிவிடும்.

நேயர்களே, முதலில் அளந்து பாருங்கள். அடுத்து இடத்தை மாற்றிப் பாருங்கள். பிறகு இணைப்பு எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். கடைக்குப் போவது கடைசி வேலை. மிச்சமாகும் வெள்ளி, பிள்ளையின் பாடநூலுக்கோ பள்ளிப் பேருந்துக்கோ உதவட்டும்.