கடலரிப்பும் ஆய்வு வினாவும்

அறுகம்பே முனையில் உடையும் தென்திசை அலைகள் கரைமணலை வடக்கே நகர்த்துகின்றன. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் அம்மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை அரிபட்டுத் தென்னைகள் வீழ்ந்தன.

தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவன் ஒருவன், "கடல் ஏன் கரையை அரிக்கின்றது?" என வினவினால், அதற்கு எல்லையில்லை. "தடுப்புக்கு வடக்கே ஒரு கிலோமீற்றர்க் கரை, 2013 முதல் ஆண்டுதோறும் எத்தனை மீற்றர் பின்வாங்கிற்று?" என்பதோ அளந்து விடை காணத்தக்கது.

அடுத்து, முன்னோர் ஆய்வுகளை நாடவேண்டும். ஊர்ப்பெயரை மட்டும் தேடினால் சிலவே கிட்டும். "கரையோர மணல் நகர்வு" என்னும் துறைச்சொல்லைத் தேடினால் சென்னைத் துறைமுகம் எதிர்ப்படும்: அங்கும் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் அரிபட்டது. ஒரு கட்டுரையின் நூற்பட்டியல் பழைய ஆய்வுகளுக்கு வழிகாட்டும். அதனைப் பின்னர் எடுத்தாண்டோர் புதியனவற்றைக் காட்டுவர். தோணியேற்றக் கரையிழந்த மீனவர் தம் வழக்கை எடுத்துரைக்க, இத்தகைய கணக்கே துணையாகும்.