168 காலைகள்

காசநோய்க்கு மருந்து தொடங்கிய முதல் நாளே பலரைப் பதறவைப்பது சிறுநீரின் நிறம். செம்மஞ்சளாகப் போகும். சிலருக்கு வியர்வையும் கண்ணீரும்கூட அந்தச் சாயம் ஏறி வரும். ரத்தம்தான் போகிறது என்று பயந்து மாத்திரை அட்டையைப் பரண்மேல் போட்டவர்கள் உண்டு. ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம் அது. மருந்து உடம்பில் சேர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். மாத்திரையைக் கையில் கொடுத்தவர் ஒரு வார்த்தை முன்னதாகச் சொல்லியிருந்தால் அந்தப் பயமே வந்திருக்காது.

சிகிச்சையில் இருப்பவர் காலையில் என்ன செய்தால் தெம்பாக இருக்கலாம் என்று தேடினால் வெந்நீர், எலுமிச்சை, தியானம் என்று யூடியூபில் நூறு யோசனை கிடைக்கும். செய்யட்டும், கெடுதல் இல்லை. ஆனால் சிகிச்சையே தினமும் காலையில் நடக்கிற ஒரு நோய் விஷயத்தில் அறிவியல் இதைவிட உருப்படியாகச் சொல்லியிருக்கிறது. அந்தக் கதை தொடங்கிய இடம் சென்னை.

1950களில் டிபி என்றாலே சானடோரியம். தாம்பரம் மாதிரி ஊருக்கு வெளியே நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கையில் ஓய்வு. இடமோ எல்லோருக்கும் கிடையாது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநர். ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. மறு பாதி நெரிசலான தன் வீட்டிலேயே இருந்தது. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டு.

1959இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேரும் வீட்டில் 86 சதவீதம் பேரும் நோய் அடங்கிய நிலைக்கு வந்திருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, சாப்பாடும் மட்டம். அப்படியும் இவ்வளவு நெருக்கம். நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டதால் குடும்பத்தாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. மருந்து தொடங்குவதற்கு முன்பே பரவ வேண்டியது பரவிவிடுகிறது. தொடங்கிய பின் அந்த ஆபத்து வேகமாகக் குறைந்துவிடுகிறது. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இன்னமும் நம் வீடுகளில் டிபி என்றதும் தனித் தட்டு, தனி டம்ளர். இது காற்றில் பரவும் நோய், எச்சில் தட்டில் பரவுவதில்லை. காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்தால் அதில் அர்த்தம் இருக்கிறது. தட்டைப் பிரித்து வைத்தால் நோயாளியின் மனசு ஒடிவதுதான் மிச்சம்.

சென்னை ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மருந்தை வாங்கிப் போகிறவர்கள் எல்லோரும் தவறாமல் சாப்பிடுவதில்லை. ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சுகாதார ஊழியரின் கண்ணெதிரே மாத்திரை விழுங்கும் முறைக்கு அங்கேதான் விதை விழுந்தது. 1990களில் ‘டாட்ஸ்’ என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் போனது. ஏராளமானோர் பிழைத்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. அவர்களைப் பிழைக்க வைத்தது அந்தக் கண்காணிப்புதானா என்பது வேறு கேள்வி. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், கிளினிக்குக்குப் போய் நர்ஸ் முன்னால் விழுங்கியவர்களைவிட, வீட்டில் தானே சாப்பிட்டவர்கள் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. இங்கிலாந்தில் 226 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், கைப்பேசியில் மாத்திரை விழுங்குவதைப் படம்பிடித்து அனுப்பச் சொன்னார்கள். முதல் இரண்டு மாதத்தில் பத்துக்கு எட்டு வேளையாவது ஒழுங்காகப் பதிவானவர்கள் அந்தப் பிரிவில் 70 சதவீதம். ஊழியர் நேரில் பார்க்க ஏற்பாடு செய்த பிரிவில் 31 சதவீதம்.

பொறுப்பாக மாத்திரை போடுகிற ஒருவரைத் தினமும் வரிசையில் நிறுத்தினால் அவருடைய அரைநாள் கூலி போகும், தெருவே பார்க்கும். என்னைக் கேட்டால், காவலுக்கும் துணைக்கும் இருக்கும் வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகம் ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது. இந்தியத் திட்டத்தில் இப்போது ‘சிகிச்சை ஆதரவாளர்’ என்று ஒருவர் உண்டு. வீட்டில் இருப்பவரே அந்தப் பொறுப்பை ஏற்கலாம்.

சரி, அந்தக் காலை எப்படி இருக்க வேண்டும்? மருந்துக்குக் கட்டுப்படுகிற வழக்கமான நுரையீரல் டிபிக்கு 168 வேளை மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரை, பிறகு நான்கு மாதம் மூன்று மருந்துகள். எத்தனை மாத்திரை என்பது உடல் எடையைப் பொறுத்தது. 50 கிலோ உள்ளவருக்கு நான்கு. வெறும் வயிற்றில் போடச் சொல்வது சம்பிரதாயம் இல்லை. சாப்பாடு உள்ளே இருந்தால், அதுவும் எண்ணெய்ப் பண்டமாக இருந்தால், ரிஃபாம்பிசினும் அந்த நான்கில் இன்னொன்றான ஐசோநியாசிடும் ரத்தத்தில் சேரும் அளவு குறைகிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போடுவது நல்லது. குமட்டல் தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொஞ்சம் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போடலாம். போடாமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அலுமினியம் கலந்த அமிலமுறி மருந்தை அதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. அந்த அலுமினியம் ஐசோநியாசிடை உடம்பில் சரியாக ஏறவிடாது.

உண்மையான கண்டம் இரண்டாம் மாத முடிவில் வருகிறது. இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், எடை ஏறும், வேலைக்கும் போகத் தொடங்கியிருப்பார். நோய் போய்விட்டதாகத் தோன்றும். உள்ளே கொஞ்சம் கிருமிகள் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கும். மிச்ச நான்கு மாதமும் அவற்றுக்காகத்தான். லண்டனில் 96 பேரை வைத்துப் பழக்கம் எப்படிப் படிகிறது என்று பார்த்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாவதற்கு, சிலருக்கு 18 நாள், சிலருக்கு எட்டு மாதத்துக்கும் மேல், நடுவாந்திரமாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். நோயின் பயம் விலகும் நேரத்தில் பழக்கம் வந்து தாங்கிப் பிடித்தால் பிழைத்தோம். அதற்கு மாத்திரையை ஏற்கெனவே தினமும் செய்யும் ஒன்றோடு, பல் துலக்குவதோடோ வாசல் தெளிப்பதோடோ, முடிந்து வைக்க வேண்டும். அந்த ஆய்வில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவும் இல்லை. மருந்தில் ஒரு வேளை விட்டுப்போனால் மறைக்காமல் சுகாதார ஊழியரிடம் கேட்க வேண்டும். குற்றவாளிபோல விசாரிக்கிறவரிடம் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள் என்பது குடும்பத்தாருக்கும் பொருந்தும்.

ஒரு மணி நேரம் கழித்து வருகிற காலைச் சாப்பாடும் சிகிச்சையில் சேர்த்திதான். ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளுக்கு மாதா மாதம் அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் ஏறியவர்களிடம் இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. முட்டை, சுண்டல், பருப்பு, கடலை, சத்துமாவுக் கஞ்சி எல்லாம் சரி. ஒரே ஒரு எச்சரிக்கை சூரை மீனுக்கு. ஐஸில் சரியாக வைக்காத சூரையில் ஹிஸ்டமின் சேரும். அதை முறிக்கும் நொதியை ஐசோநியாசிட் தடுத்துவிடுவதால் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். இலங்கை மருத்துவர்கள் இதை 1970களிலேயே எழுதியிருக்கிறார்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும்.

காலையில் இன்னும் இரண்டே பார்வை போதும். பாதம் மரத்துப்போகிறதா, எரிகிறதா? ஐசோநியாசிட் உடம்பின் பி6 வைட்டமினைக் குறைப்பதால் வருவது. அதற்கு மாத்திரை உண்டு. கண் மஞ்சளாகிறதா, நிறம் மங்கித் தெரிகிறதா, வாந்தி நிற்கவில்லையா? அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். மருந்தை நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். சந்தேகம் கேட்க 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. டிபிக்கான பரிசோதனையும் 168 வேளை மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.