ரிமினி நீலம்: ஓர் இத்தாலியப் பூச்சாடியை அறிவது எப்படி?

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்கு மேற்கே, ஆர்னோ ஆற்றங்கரையில் இருக்கிறது மோன்டெலூப்போ. மறுமலர்ச்சிக் காலத்திலேயே வண்ணச் சுடுமண் பாண்டங்களுக்குப் பேர்போன ஊர். அங்கே 1921இல் தொடங்கிய பிதோசி தொழிற்கூடத்தில், 1946இல் கலை இயக்குநரானார் ஆல்டோ லோந்தி. 1950களில் அவர் வடிவமைத்த 'ரிமினி புளூ' வரிசைப் பூச்சாடிகளைப் பழம்பொருள் சேகரிப்போர் இன்றும் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

அந்த நீலத்தின் அழகு வேதியியலில் தொடங்குகிறது. கிளேஸ் எனப்படும் மெருகுப்பூச்சு, சூளையில் உருகிக் கண்ணாடியாகிவிடும் ஒரு மெல்லிய படலம். அதில் கோபால்ட் ஆக்சைடு கலந்தால் ஆழ்ந்த நீலம் கிடைக்கும். செம்பு ஆக்சைடு கலந்தால், பூச்சில் சோடா போன்ற காரப்பொருள் மிகுந்திருக்கும்போது மயில்நீலமும், ஈயம் மிகுந்திருக்கும்போது பச்சையும் வரும்.

மீதி அழகு கையால் வருவது. களிமண் சற்று இறுகியதும், ஈரம் முழுதும் போவதற்குள், சிறு அச்சுக்கருவிகளால் வட்டம், கோடு, இலை என அழுத்திக் கோலமிடுகிறார்கள். காயவைத்து ஒருமுறை சுட்டபின் பூச்சைத் தடவி மறுபடி சுடுகிறார்கள். உருகிய பூச்சு பள்ளத்தில் தேங்கிக் கருநீலமாகிறது. மேட்டில் மெலிந்து வெளிறுகிறது. அழுத்திய விரலின் பலமும் பூச்சின் கனமும் ஒவ்வொரு முறையும் மாறும். அதனால்தான் ஒரே அச்சில், ஒரே வடிவ எண்ணில் வந்த இரண்டு சாடிகள்கூட அப்படியே ஒன்றுபோல் இருப்பதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவற்றுக்குப் பெரிய சந்தை அமெரிக்கா. 'ரேமோர்' போன்ற இறக்குமதி நிறுவனங்கள் அங்கே விற்றன. பின்னாளில் மெம்ஃபிஸ் என்ற வடிவமைப்பாளர் குழுவை நிறுவிய எத்தோரே சொத்சாஸும் 1950களில் பிதோசி கூடத்தில்தான் மண்பாண்ட வேலையில் இறங்கினார்.

வாங்குமுன் சாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். பலவற்றின் அடியில் தொழிற்கூடத்தின் பெயர் இருக்காது; 'இத்தாலி' என்று ஆங்கிலத்தில் கையால் எழுதியிருக்கும், பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கலாம். இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டதே அதற்குக் காரணம். ஒட்டிய காகிதப் பெயர்வில்லைகள் பெரும்பாலும் உரிந்து போயிருக்கும். சுற்றுவட்டாரக் கூடங்களும் இதே பாணியில் செய்தன. ஆகவே நிறத்தை மட்டும் நம்பி 'பிதோசி' என்று முடிவுகட்டக் கூடாது. மண்ணின் நிறம், அச்சின் கூர்மை, எழுத்தின் பாங்கு மூன்றும் ஒத்துவர வேண்டும்.

அடுத்து, விரலால் மெல்லத் தட்டுங்கள். மந்தமான ஓசை வந்தால் விரிசலைத் தேடுங்கள். உடைந்ததை ஒட்டி வண்ணம் பூசியிருந்தால், புறஊதா விளக்கில் அந்த இடம் பெரும்பாலும் வேறாக ஒளிரும். பூச்சில் தெரியும் நூல்போன்ற வெடிப்புகளோ, பூச்சும் மண்ணும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் வருபவை. அவற்றைப் பார்த்ததும் சாடியை ஒதுக்கிவிட வேண்டாம்.

மண் நீரை உறிஞ்சும் என்பதால் ஊறவைத்துக் கழுவாதீர்கள்; ஈரத்துணியால் துடைத்தால் போதும். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். உணவு வைக்க இவை ஆகா. முதல் சாடியை வாங்குமுன் அருங்காட்சியகத்திலும் கடைகளிலும் பலவற்றைப் பாருங்கள், இயன்றவரை கையில் எடுத்துப் பாருங்கள். பெயர் பொறிக்காத பொருளைச் சேகரிப்பவருக்குப் பழகிய கண்ணைவிட நல்ல துணை இல்லை.