60 கிலோமீட்டரில் சொர்க்கம்! அடையாறில் ஜெயிப்பது பழைய ஹெரால்டா, 2 கோடி ரூபாய் காரா?

சாயங்காலம் 6 மணி. அடையாறு சர்தார் பட்டேல் ரோடு. 2 கோடி ரூபாய் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அந்த நேரத்தில் வந்தால் என்ன ஆகும்? மாநகர பஸ்சுக்குப் பின்னால் மூக்கை வைத்துக் கொண்டு நிற்கும். அவ்வளவுதான்!

போர்ஷே 911 கார் 100 கிலோமீட்டர் வேகத்தை சுமார் 4 விநாடியில் தொட்டு விடும். தொட்டு என்ன புண்ணியம்? சென்னை நகருக்குள் காருக்கு 60 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று 2023 நவம்பரில் போலீசார் கட்டளை போட்டு விட்டார்கள். குடியிருப்புத் தெருக்களில் 30. அந்த வேகத்தில் இந்தக் கார் தூங்கிக் கொண்டுதான் போகும். கியரை கம்ப்யூட்டர் மாற்றும். சறுக்கினால் கம்ப்யூட்டர் பிடிக்கும். ஓட்டுகிறவருக்கு வேலையே இல்லை.

மெட்ராஸ் சரக்கு

இப்போது பழைய ஹெரால்டைப் பாருங்கள். 1960-களின் தமிழ்ப் படங்களில் பார்த்திருப்பீர்களே, அதே வண்டிதான். படம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கலோட்டி. 1961 முதல் நம்ம மெட்ராசில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்தது. என்ஜின் வெறும் 948 சி.சி. குதிரை சக்தி 35 சுமாருக்கு. மணிக்கு 110-ஐ எட்டுவதற்குள் மூச்சு வாங்கி விடும்.

ஆனால் சும்மா நினைக்காதீர்கள்! இங்கிலாந்தில் 1962-ல் வந்து சக்கை போடு போட்ட டிரயம்ப் ஸ்பிட்பயர் ஸ்போர்ட்ஸ் கார், இதே ஹெரால்டின் சேசிஸை வெட்டிக் குட்டையாக்கிச் செய்ததுதான். சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் அங்கே பாய்ந்தன.

இதில் முதல் கியர் முரட்டுப் பிள்ளை. வண்டி நிற்பதற்கு முன் போட்டால் 'கரகர' என்று கத்தும். என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் கியர் மாற்ற வேண்டும். ஸ்டீரிங்கில் ரோட்டுக் கல் ஒவ்வொன்றும் கைக்குத் தெரியும். 25 அடி வட்டத்தில் திரும்பி விடும். எல்.பி. ரோட்டில் யூ டர்ன் போடுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்! 40 கிலோமீட்டரில் போனாலே ரேஸ் ஓட்டுகிற மாதிரி கை, கால், காது எல்லாவற்றுக்கும் வேலை.

வளைவில் எமன்

அதற்காகப் பழசெல்லாம் தங்கம் என்று சொல்ல முடியாது. வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால், ஹெரால்டின் பின் சக்கரம் உள்ளே மடங்கிக் கொள்ளும். வண்டி சுழன்று விடும். ஏர்பேக் கிடையாது. ஏ.பி.எஸ். கிடையாது. பின்னால் வந்த கெசல் காரில் கம்பெனியே அந்த ஆக்சிலை மாற்றி விட்டது. உயிருக்கு எது பாதுகாப்பு என்று கேட்டால், புதுசுதான். சந்தேகமே வேண்டாம்.

ஓட்டவே தடை!

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். 50 வயது தாண்டிய அசல் வண்டிக்கு 'விண்டேஜ்' பதிவு என்று 2021-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. புதிதாகப் பதிய கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். 'வி.ஏ.' எழுத்துடன் நம்பர் கிடைக்கும். 10 வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், ரிப்பேர் என்றால்தான் வெளியே எடுக்கலாம். தினமும் ஆபீசுக்கு ஓட்டக் கூடாது.

அது வேண்டாம், சாதாரணப் பதிவே போதும் என்றால் 5 வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 15 வயது தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5 ஆயிரம் ஆனது. 20 வயது தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10 ஆயிரம்!

போதாக்குறைக்கு பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய கார்களின் ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் வாஷரையும் அது அரித்து விடும். பெட்ரோல் ஒழுகினால் தீப்பிடிக்கும் அபாயம். குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிய பிறகே இந்த வண்டிகளை ரோட்டுக்கு எடுப்பது நல்லது.

பெரிய காரை வாங்கியவர்கள் ஆசை தீர ஓட்ட வேண்டுமானால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்துக்குத்தான் போக வேண்டும். ஹெரால்டுக்காரருக்கு திருவான்மியூர் வரை போய் வந்தாலே போதும். ஆர்.டி.ஓ. விட வேண்டும், அவ்வளவுதான்.