வீடே படகு, அடியில் எஃகுத் தகடு: துருவிலிருந்து எந்தப் பூச்சு காப்பாற்றும்?

லண்டனில் வாடகை கட்டி மாளாமல், கால்வாய்ப் படகிலேயே குடித்தனம் நடத்துபவர்கள் நிறையப் பேர். 'நேரோபோட்' என்பார்கள். அகலம் ஏழடிக்கும் கொஞ்சம் குறைவு. நீளம் எழுபதடி வரை போகும். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே. இந்த வீட்டைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது எஃகுத் தகடு மட்டும்தான். இன்றைய படகுகளில் வழக்கமாக அடித்தட்டு 10 மி.மீ., பக்கவாட்டில் 6 மி.மீ.

பழைய படகை விற்கப் போனால் சர்வேயர் வந்து அல்ட்ராசவுண்ட் கருவியால் தகட்டின் தடிமனை அளப்பார். 4 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் பல காப்பீட்டு நிறுவனங்கள் முழுக் காப்பீடு தரத் தயங்கும். மேலே புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய பல ஆயிரம் பவுண்டு ஆகும். அதனால்தான் என்ன பூச்சு அடிப்பது என்று இவ்வளவு யோசிக்கிறார்கள்.

பெரும்பாலானோர் அடிப்பது பிடுமென், அதாவது தார் மாதிரியான கறுப்புப் பூச்சு. விலை குறைவு, நாமே ரோலரில் உருட்டிவிடலாம், பழைய பூச்சின் மேலேயே அடிக்கலாம். ஆனால் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைக் கரையேற்றியே ஆக வேண்டும். தண்ணீரில் மிதக்கும் டீசலும் இதை இளக்கிவிடும்.

அடுத்தது எபாக்ஸி. இரண்டு திரவங்களைக் கலந்து அடித்தால் கல் மாதிரி இறுகிவிடும். ஒழுங்காகச் செய்தால் பிடுமெனைவிடப் பல வருடம் கூடுதலாக நிற்கும். அந்த 'ஒழுங்காக'வில்தான் செலவே இருக்கிறது. பிடுமென் மேல் எபாக்ஸி நிற்காது. துகள்களைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி, வெறும் எஃகு தெரியும்வரை சுரண்டி எடுக்க வேண்டும். இதுதான் கிரிட் பிளாஸ்டிங். குளிரிலும் ஈரத்திலும் எபாக்ஸி சரியாக இறுகாது என்பதால், இங்கிலாந்துக் குளிர்காலத்தில் வெட்டவெளியில் அடிப்பது வீண்வேலை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு, பலரும் கவனிப்பதில்லை. ஆலையில் எஃகைச் சூடாக உருட்டும்போது, தகட்டின் மேல் நீலச் சாம்பல் நிறத்தில் ஆக்சைடு தோல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். 'மில் ஸ்கேல்' என்பது இதுதான். பார்க்க வழவழவென்று உறுதியாகத் தெரியும். அது விரிசல் விட்ட இடத்தில் தண்ணீர் பட்டால் ஒரு குட்டி பேட்டரி உருவாகி, விரிசலுக்குள் தெரியும் எஃகு மட்டும் வேகமாக அரிக்கப்படும். சீரான துருவாக வராமல், குழி குழியாக விழும். அந்தத் தோலை எடுக்காமல் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சு அடித்தாலும் அடியில் ஆபத்து அப்படியே இருக்கும்.

ஆகவே புதுப் படகுக்கு ஆர்டர் கொடுப்பவர், முதல் பூச்சுக்கு முன்பே பிளாஸ்டிங் செய்து எபாக்ஸி அடிக்கச் சொல்வது நல்லது. வசதியிருந்தால் அடியில் துத்தநாகத்தை உருக்கித் தெளிக்கலாம். எபாக்ஸி கீறிப்போன இடத்தில் எஃகுக்குப் பதிலாகத் துத்தநாகம் கரையும். பல அடுக்கு பிடுமென் ஏறிய பழைய படகை நான்கைந்து வருடத்தில் விற்கப்போகிறீர்களா? பிடுமெனையே தொடருங்கள், தவணை மட்டும் தப்பக்கூடாது.

கரை மின்சார இணைப்பில் கால்வனிக் ஐசொலேட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் எர்த் ஒயர் வழியாக உங்கள் படகும் பக்கத்துப் படகும் மின்ரீதியாக இணைந்துவிடும். பூச்சு கீறிய இடத்தில் அரிப்பு இன்னும் வேகம் பிடிக்கும்.