டெர்ரானிக்மா: ஒரு ஆடு பேசுறதுக்காகவே ஆட வேண்டிய கேம்

சூப்பர் நின்டெண்டோ ஆர்.பி.ஜி.ன்னு சொன்னாலே எல்லாரும் க்ரோனோ ட்ரிக்கர்ல ஆரம்பிச்சுடுவாங்க. நியாயம்தான். ஆனா அதே 1995ல, அதே ஜப்பான்ல, குவின்டெட் உருவாக்கி எனிக்ஸ் வெளியிட்ட டெர்ரானிக்மா பத்திப் பேச ஆளே கிடைக்க மாட்டாங்க. 1996ல ஐரோப்பாவுக்கு வந்த கேம், அமெரிக்காவுக்குப் போகவே இல்ல. எனிக்ஸ் தன்னோட அமெரிக்க ஆபீஸை அதுக்குள்ள மூடிட்டாங்க. இன்டர்நெட்ல இருக்குற ரெட்ரோ கேம் பேச்சுல பாதி அமெரிக்கக்காரங்களோட சின்ன வயசு ஞாபகம். அதுல இந்தப் பெயர் இல்ல, அவ்வளவுதான் விஷயம்.

கதை இதுதான். பூமிக்கு அடியில ஒரு கிராமம். ஆர்க்னு ஒரு சேட்டைக்காரப் பையன், திறக்கக்கூடாதுன்னு சொன்ன பெட்டியைத் திறந்துடுறான். ஊரே உறைஞ்சு போகுது. அதைச் சரிபண்ண ஐந்து கோபுரம் ஏறினா, மேல அழிஞ்சு கிடந்த கண்டங்கள் ஒவ்வொண்ணா எழுந்து வருது. அப்புறம் அவன் மேல போய் முதல்ல செடி கொடி, பிறகு பறவை, விலங்கு, கடைசியா மனுஷன்னு உயிர்ப்பிக்கணும்.

சண்டை செம வேகம். கையில ஈட்டி, ஓடிக்கிட்டே குத்தலாம், குதிச்சுக் குத்தலாம், எந்த பட்டனை எப்ப அழுத்துறோம்கிறதைப் பொறுத்து அடி மாறும். மேஜிக் சிஸ்டம் மட்டும் சும்மா பேருக்குத்தான். பிளடி மேரின்னு ஒரு பாஸ் வேற. லெவல் கொஞ்சம் கம்மியா போனீங்கன்னா உங்க அடி அவளுக்குக் கொசுக்கடி. பேலன்ஸ் பண்ணவங்க அன்னிக்கு லீவு போல.

ஆனா நான் இதைச் சொல்ல வந்ததே ஒரு சீனுக்காக. விலங்குகள் மட்டும் உயிர் பெற்றிருக்கிற கட்டம். பனிச்சரிவுல ஆர்க் ஒரு பெண் ஆட்டோட குகைக்குள்ள மாட்டிக்கிறான். அதோட ஜோடி செத்துக் கிடக்குது. சாப்பிட வேற எதுவும் இல்ல. அந்த ஆடே அவன்கிட்ட, என் புருஷனைச் சாப்பிட்டு உயிர் பிழைச்சுக்கோன்னு சொல்லுது. சோக மியூசிக் போட்டு நம்மளை அழ வைக்கிற முயற்சியே இல்ல. உயிரோட இருக்குறதுன்னா இதுதான்னு ரொம்ப சாதாரணமா பேசுது.

அடுத்து மனுஷங்களை உயிர்ப்பிக்கிறீங்க. ஆர்க் மயங்கி விழுந்து மூணு வருஷம் கழிச்சுக் கண் முழிக்கிறான். இப்ப விலங்குகள் பேசுறது அவனுக்குப் புரியல. இனிமே புரியவும் புரியாது. கடைகள் வருது, ஊர்கள் நகரமாகுது, போன் கண்டுபிடிக்கிறாங்க, விமானம் வருது. எல்லாத்துக்கும் நாமதான் ஓடி ஓடி உதவி பண்றோம். அந்த ஆடு மட்டும் மண்டையில உக்காந்துக்கிட்டே இருக்கும்.

ஆடப் போறவங்களுக்கு ஒண்ணு: ஐரோப்பிய வெர்ஷன்லயே அதிகாரபூர்வ இங்கிலீஷ் இருக்கு. ஆனா அது 50 ஹெர்ட்ஸுக்குச் செஞ்சது, செட்டிங்ஸைப் பார்த்து வைங்க. குகை சீன் வந்ததும் மெசேஜ் பண்ணுங்க.