ஸ்பீக்கருக்கு ரப்பர் கால்

பாட்டு ஓடும்போது ஸ்பீக்கர் வைத்திருக்கும் அலமாரிப் பலகையைத் தொட்டுப் பாருங்கள், கை அதிரும். பெட்டியின் அதிர்வு பலகைக்கு இறங்கி, பலகையும் சேர்ந்து ஒலிக்கிறது. மிருதங்கத்தின் தொப்பி நாதம் தெளிவில்லாமல் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பசையோடு வரும் சின்ன ரப்பர் குமிழ்களைப் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். பெட்டி நகராது, கடகடப்பு அடங்கும். ஒட்டும் இடத்தில் தூசியும் எண்ணெய்ப்பிசுக்கும் இருக்கக் கூடாது. நான்கு ஒட்டியும் ஆடுகிறதா? முன்னால் இரண்டு, பின்னால் நடுவில் ஒன்று போதும்; மூன்று கால் மேடுபள்ளத்திலும் ஆடாது.

ஆனால் ஆழ்ந்த பேஸ் அதிர்வை இந்த மெல்லிய ரப்பர் தடுக்காது. அதற்குத் தடித்த, மெத்தென்ற நுரைத்திண்டு வேண்டும். வார்னிஷ் பூசிய மரத்தில் சிலவகை ரப்பர் கறை பதிக்கும், கவனம்.